பஞ்சு சாப்பிட்டாளா?

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை

தாத்தா, மாலை 6.05
புதுப் பூனை எப்படி இருக்கிறது கண்ணு? முயல்களையும் பூனையையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு படம் அனுப்பு. பார்க்க ஆசையாக இருக்கிறது.

நான், 6.11
நன்றாக இருக்கிறான் தாத்தா. உடம்பு நிறத்தைப் பார்த்து சோளம் என்று பெயர் வைத்துவிட்டோம். வந்து ஒன்பது நாள் ஆகிறது. மழையில் நனைந்து படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பூனையா இது என்று கேட்பீர்கள், அவ்வளவு தேறிவிட்டான். ஆனால் மூன்றும் சேர்ந்த படத்துக்கு இன்னும் நாள் ஆகும். சோளம் படுக்கையறையில், முயல்கள் பஞ்சுவும் எள்ளும் ஹாலில். நடுவில் கதவு.

சித்தி, 6.14
ஒன்பது நாளாகவா அடைத்து வைத்திருக்கிறாய்? பாவம்டி.

நான், 6.22
ஜன்னல் திண்டில் உட்கார்ந்து காக்கா பார்த்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறான் சித்தி. இரவு நானும் அங்கேதான் படுக்கிறேன். முயலுக்குப் பூனை வாசனை என்றாலே குலை நடுங்கும். அதனால் தினமும் சோளத்தைத் துடைத்த துண்டை ஹாலில் போடுகிறேன், முயல்கள் படுத்த துணியை அவனிடம் வைக்கிறேன். முதல் நாள் அந்தத் துண்டைப் பார்த்து எள்ளு பின்காலால் தரையை அடித்துக்கொண்டே இருந்தாள். கீழ்வீட்டு அக்கா மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார். நேற்று அதே துண்டின் மேல் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா, 6.30
பூனைக்குப் பால் ஊற்றுகிறாய் அல்லவா?

நான், 6.33
இல்லைம்மா. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். நெத்திலியை வேகவைத்துப் போடுகிறேன், கூடவே கடையில் விற்கும் பூனைத் தீனி. தயிர்சாதம் வைத்தாலும் நக்குவான். ஆனால் மீனோ கறியோ இல்லாமல் பூனை உடம்பு தாங்காது.

நான், 8.47
சோளம் ஹாலுக்கு வந்துவிட்டான். மாடியிலிருந்து துணி எடுத்து வந்தபோது கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டுவிட்டேன்.

தம்பி, 8.48
கடித்துவிட்டானா?

நான், 8.52
எள்ளு சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டாள். பஞ்சு மட்டும் மூலையில் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். இவன் கிட்டே போய் முகர்ந்தான், ஒரு காலை நீட்டினான். நான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். உள்ளே விட்டுக் கதவைப் பூட்டியாயிற்று.

தம்பி, 8.54
டார்ச் அடித்து முடியைப் பிரித்துப் பார் அக்கா. நகம் சின்னதாகப் பட்டிருந்தாலும் விடக்கூடாது. பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி இருக்கும், நக்கி நக்கி நகத்துக்கும் வந்துவிடும். முயல் அதைத் தாங்காது. போன வாரம்தான் கல்லூரியில் பாடம் நடந்தது.

நான், 9.06
கழுத்து, முதுகு, காது, வயிறு எல்லாம் பார்த்துவிட்டேன். கீறல் இல்லை.

தம்பி, 9.07
சோளத்துக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து போட்டாயா?

நான், 9.08
இன்னும் இல்லை. வாங்கி வைத்திருக்கிறேன்.

தம்பி, 9.11
டாக்டரிடம் கேட்காமல் போடாதே. அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயலுக்கு நஞ்சு. பூனை உடம்பிலிருந்து நக்கிவிட்டாலும் ஆபத்துதான். சரி, இனி பஞ்சுவின் வயிற்றைக் கவனி. முயலுக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பயந்தால் குடல் ஓட்டம் நின்றுவிடும். கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?

நான், 9.12
ஏழரைக்கு. பிள்ளையார் கோயில் பூக்கடை அருகம்புல்.

தம்பி, 9.15
பழைய புழுக்கையையெல்லாம் பெருக்கி எடுத்துவிட்டு செய்தித்தாள் விரி. புதிதாக விழுந்தால் தெரியும். காலை ஏழரைக்குள் சாப்பிடவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. அதற்கு முன்பே கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தால் வலி என்று அர்த்தம். இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் இடம் எது என்று இப்போதே விசாரித்து வை.

தாத்தா, 9.20
ஆடு அசை போடாமல் நின்றால் நாங்களும் இப்படித்தான் புழுக்கையைப் பார்ப்போம். கண்ணு, அவளைத் தூக்கிக்கொண்டே இருக்காதே. பயந்த உயிருக்கு இருட்டாக ஒரு மறைவு வேண்டும்.

நான், 9.31
அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து ஒரு பக்கம் வாசல் வெட்டி வைத்துவிட்டேன் தாத்தா. பஞ்சு உள்ளே போய்விட்டாள். எள்ளுவும் சோபாவை விட்டு வந்து அவளை ஒட்டிப் படுத்துவிட்டாள்.

சித்தி, 9.40
கேரட் கொடுத்துப் பாரேன். முயலுக்கு அதுதானே பிடிக்கும்.

தம்பி, 9.42
இப்போது வேண்டாம் சித்தி. அதில் சர்க்கரை அதிகம், வாயு சேர்ந்துவிடும். காய்ந்த புல்லும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தால் போதும்.

அம்மா, 10.15
நான் சொல்கிறேன் என்று வருத்தப்படாதே. பூனையை வேறு நல்ல வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா?

நான், 10.26
கொடுக்க மனம் வரவில்லைம்மா. அவன் பூனை, பூனை செய்வதைத்தான் செய்தான். கதவைச் சாத்த வேண்டியது நான். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு பக்கமும் என் பிள்ளைகள்தான்.

அவர், 10.58
இப்போதுதான் எல்லாம் படித்தேன். ஷிப்ட் முடிந்து காலையில் வருகிறேன். படுக்கையறை வாசலுக்கு நாளைக்கே கம்பி வலைக் கதவு போட்டுவிடுவோம். மரக்கதவு திறந்திருந்தாலும் தாண்ட முடியாது. பார்த்துப் பழகவும் அது உதவும்.

அம்மா, 11.02
சரி மாப்பிள்ளை. அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். முயலை விட்டு நகர மாட்டாள்.

நான், 11.30
கொத்தமல்லி வைத்தேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நான் ஹாலிலேயே பாயைப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

தம்பி, 1.20
?

நான், 1.21
செய்தித்தாள் காலி. ஆனால் கூனவில்லை, பல் சத்தமும் இல்லை. காது எப்போதும் போல வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.

தம்பி, 1.22
நல்லது. நானும் விழித்துத்தான் இருக்கிறேன்.

நான், 3.48
பெட்டிக்குள் கறுக் கறுக்கென்று சத்தம். எள்ளுவா பஞ்சுவா தெரியவில்லை. டார்ச் அடித்தால் மறுபடி பயந்துவிடுவாளோ என்று அப்படியே படுத்திருக்கிறேன்.

நான், 4.52
பஞ்சுதான்! தலையை வெளியே நீட்டிப் புல்லை இழுத்து இழுத்துச் சாப்பிடுகிறாள்.

நான், 5.17
[படம்]
பதினொன்று. எள்ளுவின் புழுக்கை சிறியது, இது பஞ்சுவுடையதேதான்.

தாத்தா, 5.19
உருண்டையாக நன்றாக இருக்கிறது. நான் கேட்ட படம் மெதுவாக வரட்டும், இப்போது இதுவே போதும். அந்தப் பூனைக்கும் ஏதாவது வைத்துவிட்டு நீ கொஞ்சம் தூங்கு.

நான், 5.24
வைத்துவிட்டேன் தாத்தா. இரவு முழுக்கக் கதவை ஒட்டியே படுத்திருந்திருக்கிறான்.

சித்தி, 5.40
அப்பாடா. இப்போதுதான் எனக்குக் காபி இறங்கும்.

தம்பி, 5.41
எட்டு மணிக்கு இன்னொரு தடவை எண்ணு அக்கா.