ஏழு வயதுக் கன்னம் ஐம்பது வயதில் நெஞ்சை அடைக்குமாம்!

பரந்தன் பெரியவர் | ஞாயிறு இரவு 8.40
இன்று பேரனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மகனுக்கும் மருமகளுக்கும் வேலை, நான்தான் போனேன். பேசுவதற்கு வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னது இது: "ஏழு வயதில் குண்டாக இருக்கிற பிள்ளைக்கு ஐம்பதில் மாரடைப்பு." மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பி என் பேரனைப் பார்த்தார்கள். அவன் கையில் பாதி கடித்த பணிஸ். அதை விழுங்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல், என் வேட்டி மடிப்புக்குள் ஒளித்தான்.

எனக்கு வயது 68. எத்தனை பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். சின்னதில் கொழுகொழுவென்று இருப்பார்கள், பதின்மூன்று வயதில் நெடுக்கும்போது எல்லாம் உருகிப் போகும். ஏழுக்கும் ஐம்பதுக்கும் என்ன முடிச்சு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் தயவுசெய்து சும்மா இருங்கள்.

மாங்குளத்தான் ஸ்காபரோ | ஞாயிறு இரவு 9.15
அந்த முடிச்சை டென்மார்க்கில் எப்போதோ அவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள், ஐயா. கோபன்ஹேகன் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் நிறையையும் உயரத்தையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். 1930 முதல் 1976 வரை பிறந்த 276,835 பிள்ளைகள். வளர்ந்த பிறகு யார் யாருக்கு இதய நாடி வருத்தம், அதாவது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயில் வருகிற நோய், வந்தது என்று பதிவுகளில் தேடினார்கள். 2007 இல் வெளிவந்தது. ஆண்பிள்ளைகளில் 7 முதல் 13 வரை எந்த வயதை எடுத்தாலும், பெண்பிள்ளைகளில் 10 முதல் 13 வரை, பருமன் கூடக் கூட ஆபத்தும் கூடியிருந்தது. உருகுகிற கதையை மெழுகுதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரந்தன் பெரியவர் | ஞாயிறு இரவு 9.22
டென்மார்க்கா? அங்கே சித்திரை வெயிலில் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளை ஒன்று உண்டா? ஆபத்து "கூடியது" என்பது ஒன்று, மாரடைப்பு "வரும்" என்பது வேறொன்று. பேச வந்தவர் வரும் என்றுதான் சொன்னார். ஏழு வயது என்றும் சொன்னார். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கிளினிக் அக்கா | ஞாயிறு இரவு 9.50
ஐயா, பேரனின் நிறை என்ன? உயரம் என்ன? குண்டு என்பது கண்ணால் சொல்கிற விஷயம் இல்லை. வயதுக்கும் உயரத்துக்கும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பரந்தன் பெரியவர் | ஞாயிறு இரவு 9.58
31 கிலோ. நல்ல எலும்பு. எங்கள் பரம்பரையே எலும்பு கனம்.

கிளினிக் அக்கா | ஞாயிறு இரவு 10.04
உயரத்தைக் கேட்டேன். ஏழு வயது ஆண்பிள்ளை 122 சென்ரிமீற்றர் அளவில் இருப்பது சாதாரணம். அந்த உயரத்துக்கு 28, 29 கிலோவைத் தாண்டினாலே உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உடற்பருமன்தான். உயரம் கூடுதலாக இருந்தால் கணக்கு மாறும். அளந்து சொல்லுங்கள்.

யாழ்தேவி ரசிகன் | ஞாயிறு இரவு 10.30
பள்ளிக்கூட வாசலில் கன்ரீன் மிதிவெடியும் ரோல்ஸும் என்று பொரித்த பண்டங்களை விற்றால் நெஞ்சு அடைக்காமல் என்ன செய்யும்? நாங்கள் கண்டுபிடித்த மிதிவெடியை அளவாகச் சாப்பிட வன்னிச் சனத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாங்குளத்தான் ஸ்காபரோ | ஞாயிறு இரவு 10.41
"நாங்கள் கண்டுபிடித்த" என்பது யார்? நான் முதன்முதலில் மிதிவெடி தின்றது கிளிநொச்சியில்.

யாழ்தேவி ரசிகன் | ஞாயிறு இரவு 10.44
நீங்கள் முதலில் தின்ற இடம்தான் அது பிறந்த இடம் என்றால், அப்பிள் ஸ்காபரோவில்தான் காய்த்திருக்க வேண்டும்.

முல்லை மருமகள் | திங்கள் காலை 5.10
மகளை ரியூசனுக்கு எழுப்ப முதல் இதை எழுதுகிறேன். எல்லாரும் சாப்பாட்டுக்கடையையே திட்டுகிறீர்கள். 2009 இல், கடைசிச் சண்டை நேரம், எனக்குப் பதினாறு வயது. மாத்தளனில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். தண்ணீருக்குள் அரிசியைத் தேட வேண்டும், அப்படிப்பட்ட கஞ்சி. அந்தக் கிண்ணத்தை வழித்து நக்கினவளின் பிள்ளை "அம்மா, இன்னொரு ரொட்டி" என்று கேட்டால், என் வாயில் "போதும்" என்ற சொல் வராது. மாமியார் பிள்ளையின் தொடையைக் கிள்ளிப் பார்த்துச் சந்தோஷப்படுவார், பிறகு நாவூறு படும் என்று மிளகாய் சுற்றிப் போடுவார். எங்களுக்குக் கொழுத்த பிள்ளை என்றால் சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பரந்தன் பெரியவர் | திங்கள் காலை 6.02
பிள்ளை, நீ சொன்னதுதான் சொல்! இது டென்மார்க்காரனுக்கு விளங்குமா?

கிளினிக் அக்கா | திங்கள் காலை 6.40
தங்கச்சி, உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் எங்களுடைய சனம் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. பின்லாந்தில், ஹெல்சிங்கியில், 1934 முதல் 1944 வரை பிறந்தவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒரு பங்கினர் போர் நடந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள். பின்னாளில் இதய நாடி வருத்தம் வந்தவர்களைப் பார்த்தால், பிறக்கும்போது சிறிதாக, இரண்டு வயதில் மெலிந்து, அதன் பிறகு மளமளவென்று நிறை ஏறினவர்கள். மெலிந்த பிள்ளையைத் தேற்ற வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு வயதுக்குப் பிறகு ஏறுகிற வேகத்தைக் கவனியுங்கள் என்பதுதான்.

முல்லை மருமகள் | திங்கள் காலை 6.48
அப்படியென்றால் பட்டினி கிடந்ததற்கும் தண்டனை, சாப்பிட்டதற்கும் தண்டனையா? இரண்டும் எங்கள் தலையிலா?

மாங்குளத்தான் ஸ்காபரோ | திங்கள் காலை 8.30
உணர்ச்சி வேறு, நாடி வேறு. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்று ஓர் ஊர். 1973 இலிருந்து அங்கே பிள்ளைகளின் இதயத்தைப் பற்றி ஆராய்கிறார்கள். விபத்து போன்றவற்றில் இறந்த சிறுவர்களின், இளைஞர்களின் நாடிகளை வெட்டிப் பார்த்தபோது, சிறுவர்களின் பெருநாடியிலேயே கொழுப்புக் கோடுகள் தெரிந்தன. பருமன், இரத்த அழுத்தம், கொலஸ்ரோல் என்று காரணிகள் சேரச் சேரக் கோடுகளும் கூடியிருந்தன. அடைப்பு ஐம்பதில் வருகிறது. ஊத்தை சின்னதிலேயே படியத் தொடங்கிவிடுகிறது.

பரந்தன் பெரியவர் | திங்கள் காலை 8.37
செத்த பிள்ளைகளை வெட்டிப் பார்த்த கதையை வன்னிக்காரனுக்குச் சொல்ல வந்துவிட்டீர்கள். நாங்கள் வெட்டாமலே பார்த்தவர்கள். நீங்கள் எந்த ஆண்டு விமானம் ஏறினீர்கள் என்று இங்கே எழுதுங்கள் பார்ப்போம்.

மாங்குளத்தான் ஸ்காபரோ | திங்கள் காலை 8.39
1994. அதற்கும் உங்கள் பேரனின் இடுப்புக்கும் என்ன தொடர்பு?

பரந்தன் பெரியவர் | திங்கள் காலை 8.41
தொடர்பு உண்டு. 94 இல் போனவருக்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடையின் கடைசிப் பக்கங்கள் தெரியாது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. பிள்ளைகள் எல்லாம் சைக்கிளும் நடையும். அப்போது குண்டுப் பிள்ளையைக் காட்டு என்றால் ஊர் முழுக்கத் தேட வேண்டும்.

கிளினிக் அக்கா | திங்கள் காலை 9.15
அதைத்தானே நானும் சொல்கிறேன், ஐயா. இப்போது ரியூசன் விடிய ஐந்தரைக்கு, பள்ளிக்கூடம், திரும்ப ரியூசன், அப்புறம் போன். புலமைப்பரிசில் சோதனை முடியும் வரை விளையாட்டு இல்லை. பேரனை மோட்டார் சைக்கிள் டாங்கியில் இருத்தி, கூப்பிடு தூரத்தில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் கொண்டு போவதை நானே கண்டிருக்கிறேன். உயரத்தை இன்னும் சொல்லவில்லை.

பரந்தன் பெரியவர் | திங்கள் காலை 9.31
ஓ, நீங்களா! இப்போதுதான் பிடிபட்டது. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுடைய கிளினிக் அட்டையில் "நிறை காணாது" என்று எழுதி, முழுச் சனத்துக்கும் முன்னால் என் மனைவியை நிற்க வைத்துப் பேசினது நீங்கள்தான். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து பானையைத் திறக்கவே இல்லை. அன்று மகனுக்கு நிறை காணாது. இன்று மகனின் மகனுக்கு நிறை கூட. உங்கள் தராசுக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சரிவரவில்லை!

கிளினிக் அக்கா | திங்கள் காலை 9.40
அது நானாக இருந்தால், எழுதினது சரியாகத்தான் இருந்திருக்கும். அதே அட்டையின் கோடுதான் மெலிவையும் காட்டுகிறது, தடிப்பையும் காட்டுகிறது. உங்கள் வீட்டுக்காரியிடம் நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

பரந்தன் பெரியவர் | திங்கள் காலை 9.42
பேசினீர்கள்.

கிளினிக் அக்கா | திங்கள் காலை 9.43
இல்லை.

யாழ்தேவி ரசிகன் | திங்கள் பகல் 12.20
மத்தியானம் கிளிநொச்சிக் கடை ஒன்றில் சாப்பிட்ட மிதிவெடிக்குள் முட்டை கால்வாசி. மிச்சம் கிழங்கு. இதில் வேறு கொலஸ்ரோல் பயம்.

பரந்தன் பெரியவர் | திங்கள் இரவு 7.55
எல்லாரும் கவனமாக வாசியுங்கள். கம்பஸில் படிக்கிற பெறாமகன் தேடித் தந்தான். 2011 இல் வந்த ஆராய்ச்சி. பின்லாந்து, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, மொத்தம் 6,328 பேர். சின்னதில் குண்டாக இருந்து, பெரியவராகும்போது அந்தப் பருமன் இல்லாமல் போனவர்களுக்கு ஆபத்து எவ்வளவு தெரியுமா? ஒருபோதும் குண்டாக இராதவர்களைப் போலவே! இன்னொன்று 2018 இல், உங்கள் அதே டென்மார்க்கிலிருந்து. ஏழு வயதில் பருமனாக இருந்து, பதின்மூன்றுக்கு முன் இறங்கினவர்களுக்கு நீரிழிவு ஆபத்து சாதாரண ஆட்களைப் போலத்தான். பதின்மூன்று! நான் முதல் நாளே எழுதின இலக்கம். டென்மார்க்காரன் 62,565 பேரை ஆராய்ந்து கண்டதை நான் திண்ணையில் இருந்தே சொன்னேன்.

மாங்குளத்தான் ஸ்காபரோ | திங்கள் இரவு 8.10
"இறங்கினால்" என்று போட்டிருக்கிறது, ஐயா. "இறங்கும்" என்று போடவில்லை. தமிழ் இலக்கணம் கனடாவிலும் இதேதான். அதோடு 2011 இல் மாரடைப்பை எண்ணவில்லை; நீரிழிவு, பிரஷர், கொலஸ்ரோல், கழுத்து நாடிச் சுவரின் தடிப்பு, இவ்வளவும்தான் பார்த்தார்கள்.

கிளினிக் அக்கா | திங்கள் இரவு 8.16
2018 இல் பார்த்தது ஆண்களை மட்டும்.

முல்லை மருமகள் | திங்கள் இரவு 8.20
எனக்கு இருப்பது மகள். எனக்கு யார் பதில் சொல்வது?

பரந்தன் பெரியவர் | திங்கள் இரவு 8.24
இறங்கினால், இறங்கும் என்று சொல்லைப் பிடித்துத் தொங்குகிறவர்களோடு பேச்சில்லை. வெளிநாட்டு ஆராய்ச்சி உங்களுக்குச் சாதகம் என்றால் வேதம், எனக்குச் சாதகம் என்றால் இலக்கணப் பிழை. பதின்மூன்று என்று நான் சொன்னேனா இல்லையா?

நெறியாளர் | திங்கள் இரவு 8.45
மிதிவெடி எங்கே பிறந்தது என்பதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன். ஆட்களின் வீட்டு விஷயங்களை இங்கே இழுக்க வேண்டாம்.

யாழ்தேவி ரசிகன் | திங்கள் இரவு 8.47
தனி இழைக்குத் தலைப்பே தவறு. "வன்னியின் மிதிவெடி" என்று போட்டிருக்கிறீர்கள். திருத்தும் வரை இங்கேதான் எழுதுவேன்.

முல்லை மருமகள் | திங்கள் இரவு 9.05
சோடாப் போத்தலில் 2016 இலிருந்து நிறவட்டம் போடுகிறார்கள், சீனி கூட என்றால் சிவப்பு. மகள் கடையில் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறாள். சிவப்பு வடிவாம்.

கிளினிக் அக்கா | செவ்வாய் காலை 6.15
பெரியவர் ஐயா, உயரம்?

பரந்தன் பெரியவர் | செவ்வாய் காலை 6.50
அளவுநாடா ரெயிலரிடம் இரவல் போய்விட்டது. அதோடு பிள்ளை இன்னும் நித்திரை. முதலில் நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள், "நிறை காணாது" என்று எழுதினதா இல்லையா?