மூக்கோடு மூக்கு: உரசலா, இழைவா?

நாகர்கோவிலிலிருந்து:

குழந்தைகள் படக்கதை ஒன்றின் மொழிபெயர்ப்பில் 'எஸ்கிமோ முத்தம்' அப்படியே நிற்கிறது. இதை விட்டுவைக்க முடியாது. 'எஸ்கிமோ' என்ற பெயரை, அதனால் குறிக்கப்படும் ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்களில் பலர் ஏற்பதில்லை. தவிர, அவர்களுடைய 'குனிக்' வேறு செய்கை: மூக்கையும் மேலுதட்டையும் பிள்ளையின் கன்னத்திலோ நெற்றியிலோ பதித்து மூச்சை உள்ளிழுப்பார்கள். நாம் உச்சி முகர்வதற்கு நெருங்கிய உறவு அது, 'முகர்முத்தம்' எனலாம். படத்திலோ தாயும் பிள்ளையும் மூக்கு நுனிகளைச் சேர்த்து இடவலமாக அசைக்கிறார்கள். இதற்கு 'மூக்குரசல்' போதுமா?

தக்கலையிலிருந்து:

அண்ணாச்சி, 'உரசல்' வேண்டாம். அண்ணன் தம்பிக்குள் உரசல் என்றால் சண்டை. தீக்குச்சி உரசும், வண்டி சுவரில் உரசும். 'தேய்த்தல்' பாத்திரத்துக்கும் எண்ணெய்க்கும் போன சொல்.

'இழைதல்' பாருங்கள். சந்தனக் கட்டையைக் கல்லில் இழைக்கும்போது நீர் கூடினால் ஓடிவிடும், குறைந்தால் கட்டை பிடித்துக்கொள்ளும். கை ஒரே சீராக வட்டமிட வேண்டும். அந்த மென்மை இதில் இருக்கிறது. நெருக்கமும் இருக்கிறது: 'இழைஞ்சு இழைஞ்சு பேசுகா' என்கிறோமே. மூக்கிழைதல், பெயராக மூக்கிழைவு.

குளச்சலிலிருந்து:

தீங்கு இழைத்தல், துரோகம் இழைத்தல் நினைவுக்கு வராதா? நியூசிலாந்து மாவோரிகளின் 'ஹோங்கி'க்கும் இதேதானா?

தக்கலையிலிருந்து:

தீங்கை 'இழைப்பது' பிறவினை. மூக்கு 'இழைவது' தன்வினை. தவறு நேர்வது இங்கேதான், 'ந்' இருக்கும் இடத்தில் 'த்' வந்தால் பொருள் கெட்டுவிடும். 'இழைந்தாள்' என்று எழுத வேண்டும், 'இழைத்தாள்' அல்ல. உருபும் 'ஓடு' தான்: 'மகளோடு மூக்கிழைந்தாள்'. 'மகளை' என்று போட்டால் வாக்கியம் நிற்காது.

ஹோங்கியில் இழைவே கிடையாது. மூக்கும் நெற்றியும் சேர்ந்து அழுந்தி அசையாமல் நிற்கும். மூச்சைப் பகிர்ந்துகொள்வதே அதன் பொருள். மண்ணில் வனைந்த முதல் பெண்ணின் மூக்கில் 'தானே' என்ற பெயருள்ள தெய்வம் உயிர்மூச்சை ஊதியதாக அவர்கள் மரபு சொல்கிறது. மூச்சு கலப்பதால்தான் 2020இல் கொரோனா வந்தபோது பல இடங்களில் அதை நிறுத்திவைத்தார்கள். வந்தவரை வரவேற்கும் சடங்கு, கொஞ்சல் அல்ல. அதற்கு 'மூக்கொற்றல்'. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அந்த ஒற்றல்.

குளச்சலிலிருந்து:

அகராதிக்குச் சரி. நாலு வயதுப் பிள்ளை வாயில் 'மூக்கிழைவு' வராது. கல்குளம், விளவங்கோடு பக்கம் முத்தத்துக்கு 'உம்மா' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். மூக்கு + உம்மா = மூக்கும்மா. புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது.

நாகர்கோவிலிலிருந்து:

முஸ்லிம் வீடுகளில் 'உம்மா' தாய் ஆயிற்றே என்று முதலில் தயங்கினேன். ஆனால் 'தா' என்ற வினை வந்ததுமே குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பெரியவர்களுக்கான குறிப்பில் மூக்கிழைவு இருக்கட்டும். படத்தின் கீழே இப்படி மாற்றுகிறேன்: "அம்மா, ஒரு மூக்கும்மா தா!"