1,52,000 கி.மீ. ஓடின எலெக்ட்ரிக் கார்: ஏத்தத்துல சார்ஜ் 24-ல இருந்து 9 சதவீதத்துக்கு விழுது, வழி சொல்லுங்க

புளியரைக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊர் செங்கோட்டை பக்கம் புளியரை. புனலூர்ல தையல் சாமான் கடை. 2020 டிசம்பர்ல எடுத்த வண்டி, தினமும் போக வர நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். இன்னைக்கு மீட்டர் 1,52,180. பேட்டரி 30 யூனிட், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. இத்தன வருஷத்துல பிரேக் பேடு கூட மாத்தல, அவ்வளவு அடக்கமா ஓடுச்சு.

இப்ப ஒரு மாசமாத்தான் இந்தக் கூத்து. சாயங்காலம் கடைய அடைச்சிட்டு வாரப்ப தென்மலை வரைக்கும் ஒண்ணும் இல்ல. கழுதுருட்டி ஏத்தம் பிடிச்சதும் 24 சதவீதம் காட்டுனது பொசுக்குனு 9-க்கு வந்துருது. பவரக் குறைச்சாச்சுன்னு சொல்லுற ஆமை விளக்கு எரியுது. எவ்வளவு மிதிச்சாலும் முப்பதத் தாண்ட மாட்டேங்குது. நேத்து பதிமூணு கண்ணு ரயில் பாலத்துக்கு எதுக்க ஓரங்கட்டினேன், பின்னால வந்த பஸ்காரர் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல கேக்கு. பத்து நிமிஷம் நிறுத்தி எடுத்தா 14-னு காட்டுது. அந்த அஞ்சு சதவீதம் எங்கருந்து வந்துச்சு?

சர்வீஸ்ல விட்டேன். ரெண்டு நாள் வச்சிருந்துட்டு, "சாப்ட்வேர் போட்டாச்சு, ஓடின பேட்டரி அப்படித்தான் இருக்கும்"னு அனுப்பிட்டாங்க. பேட்டரி வாரண்டி 8 வருஷம் இல்லன்னா 1,60,000 கி.மீ., எது முந்துதோ அது. நான் ஓட்டுற ஓட்டத்துக்கு மூணே மாசத்துல அதும் முடிஞ்சிரும். வயசுதானா, இல்ல கோளாறா?

குமுளி ஏலம்
முதல்ல 12 வோல்ட் பேட்டரியப் பாருங்க. எனக்கு அது செத்துப்போய், பெரிய பேட்டரி நிறைய இருந்தும் காலையில வண்டி கதவே திறக்கல.

புளியரைக்காரன்
போன கார்த்திகையிலதான் புதுசு போட்டேன் அண்ணாச்சி.

எல்லைக்கோடு
ஒன்றரை லட்சம் ஓடியாச்சுல்ல, வந்த விலைக்குத் தள்ளிட்டு டீசல் வண்டி எடுங்க. நான் அப்பவே சொன்னேன்.

வாளையார் டாக்சி
அவர்கிட்ட எப்ப சொன்னீங்க? விடுங்க. என் வண்டி 2,10,000 தாண்டி கோயம்புத்தூர்-நெடும்பாசேரி ஓடுது, அதே வகை பேட்டரி. புதுசுல ஓடினதுல பத்துல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். வயசானா மெல்ல மெல்லக் குறையும், இப்படிப் படி தடுக்கி விழாது. நான் செலவு பண்ணினது டயர், முன்பக்க சஸ்பென்ஷன் புஷ், ஒரு தடவை கூலன்ட். கியர்பாக்ஸ் ஆயிலையும் மாத்திட்டேன், சின்ன டப்பா எண்ணெய்தான், கேட்காம யாரும் மாத்தித் தர மாட்டாங்க. நம்ம தம்பி வண்டியில வேற ஏதோ இருக்கு.

டீச்சரம்மா, நாகர்கோவில்
தம்பி, ஒரு கணக்குப் போடுங்க. வண்டியும் ஆளும் சேர்ந்து 1,600 கிலோன்னு வச்சுக்கிடுங்க. அத 100 மீட்டர் உயரத்துக்கு ஏத்த 0.44 யூனிட் போதும். உங்க ஏத்தம் 200 மீட்டர்னு தாராளமா வச்சாலும், வழிச் சேதாரம் சேர்த்து ஒரு யூனிட் சொச்சம்தான். 24-ல இருந்து 9-க்கு விழுந்தா 15 சதவீதம், அதாவது நாலரை யூனிட். மலை அவ்வளவு தின்னாது. இருக்கிற கரண்ட் செலவாகல. இல்லாத கரண்ட வண்டி இத்தன நேரம் இருக்கதா காட்டியிருக்கு.

பேட்டரிக்குள்ள வரிசையா இருக்கிற எல்எஃப்பி செல்லுக்கு ஒரு குணம் உண்டு. 90 சதவீதத்துல இருந்து 20 வரைக்கும் அதோட வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல நிக்கும். வோல்டேஜப் பார்த்து மிச்சம் எவ்வளவுன்னு சொல்ல முடியாது. அதனால வண்டி உள்ள போன கரண்ட், வெளிய வந்த கரண்ட் ரெண்டையும் கூட்டிக் கழிச்சே கணக்கு வைக்கும். கணக்குல தினம் கொஞ்சம் பிசகும். முழுசா 100 வரைக்கும் சார்ஜ் ஏறுறப்பதான் பிசகு நேராகும். செல்லுக்குச் செல் இருக்கிற ஏத்த இறக்கமும் அந்த உச்சியில வச்சுத்தான் சமன் ஆகும், அதுவும் சொட்டு சொட்டா, மணிக்கணக்கா.

கடைசியா எப்ப 100 வரைக்கும் ஏத்துனீங்க? எங்க சார்ஜ் போடுதீங்க?

புளியரைக்காரன்
அக்கா, நீங்க கேட்டதும்தான் யோசிக்கேன். மாசி பாதியில இருந்து வீட்டு சார்ஜ் நடுராத்திரி நின்னு போகுது, சார்ஜர் டப்பாவுல சிவப்பு விளக்கு. காலையில பார்த்தா 60, 65 இருக்கும். அதனால மத்தியானம் புனலூர்ல ஃபாஸ்ட் சார்ஜர்ல 80 வரைக்கும் ஏத்திக்கிடுவேன். 100 பார்த்து ரெண்டு மாசம் இருக்கும். சாரல் காலத்துல இந்தச் சிவப்பு விளக்கு வந்ததே இல்ல.

ஒயர்மேன் தென்காசி
சாரல்ல வராது, வெயில்ல வரும்னா எர்த் குழி காஞ்சு கெடக்குன்னு அர்த்தம். எர்த் சரியில்லன்னா சார்ஜர் தானா நின்னுரும். மல்டிமீட்டர் இருந்தா 15 ஆம்ப் பிளக்ல பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூணையும் எடுத்துப் போடுங்க. பழக்கம் இல்லன்னா உங்க ஊர் ஒயர்மேனக் கூப்பிடுங்க.

எல்லைக்கோடு
எதுக்கு இவ்வளவு? பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்துட்டா சிவப்பு விளக்கு வராது. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான்.

டீச்சரம்மா, நாகர்கோவில்
யாரும் செஞ்சிராதீங்க. வெளிய எங்கயாவது நியூட்ரல் அறுந்தா வண்டி பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிக்கும். செருப்பில்லாம கதவத் தொட்ட பிள்ளைக்கு என்ன ஆகும்? அந்தச் சிவப்பு விளக்கு உங்களக் காப்பாத்தத்தான் எரியுது.

புளியரைக்காரன்
எங்க ஊர் ஒயர்மேன் வந்து எடுத்தாச்சு. பேஸ்-நியூட்ரல் 226. பேஸ்-எர்த் 161. நியூட்ரல்-எர்த் 64.

ஒயர்மேன் தென்காசி
நியூட்ரல்-எர்த் ஒண்ணு ரெண்டுக்குள்ள இருக்கணும். 64-னா எர்த் பேருக்குத்தான் இருக்கு. குழியத் தோண்டி கம்பி இணைப்பப் பாருங்க, அரிச்சிருந்தா மாத்துங்க. கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு நிறைய தண்ணி ஊத்துங்க. புளியரை செம்மண்ணு, தண்ணி நிக்காது. வாரத்துக்கு ரெண்டு குடம் வேணும்.

புளியரைக்காரன்
(நாலு நாள் கழிச்சு)
தோண்டினோம். கம்பியும் பட்டையும் சேர்ற இடத்துல போல்ட்டே இல்ல, துருதான் பிடிச்சு நிப்பாட்டியிருக்கு. விரல் வச்சதும் உதிர்ந்துச்சு. புதுசு போட்டாச்சு, நியூட்ரல்-எர்த் இப்ப 1.4. மூணு ராத்திரி தொடர்ந்து 100 வரைக்கும் ஏறிச்சு. முதல் ராத்திரி 100 காட்டின பொறவும் ரெண்டு மணி நேரம் சார்ஜ் ஓடிக்கிட்டே இருந்தது.

பாதி தீர்ந்த மாதிரி இருக்கு. 24-ல விழுந்தது இப்ப 17-ல விழுது. ஆமை இன்னும் போகல.

வாளையார் டாக்சி
தம்பி, பாதி தீர்ந்துச்சேன்னு விட்டுராதீங்க, எனக்கு இங்கதான் சந்தேகம். ஆயிரம் ரூபாய்க்குள்ள புளூடூத் ஓபிடி (வண்டி கம்ப்யூட்டரப் படிக்கிற சின்ன கருவி) ஒண்ணு வாங்கி ஸ்டியரிங் அடியில சொருகுங்க. போன்ல செல் வோல்டேஜ் தெரியும். நின்ன வண்டியில பார்த்தா எல்லாம் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். ஏத்தத்துல, மிதிச்சிருக்கப்ப பாக்கணும். நீங்க ஓட்டுங்க, பக்கத்துல ஒரு ஆள் போன்ல வீடியோ எடுக்கட்டும், வண்டி மீட்டரும் அதுல தெரியணும்.

புளியரைக்காரன்
மச்சினன் வந்தான். நிறுத்தி வச்சிருக்கப்ப அதிகபட்ச செல்லுக்கும் குறைஞ்சதுக்கும் வித்தியாசம் 11 மில்லிவோல்ட். கழுதுருட்டி ஏத்தத்துல 19 சதவீதம் இருக்கப்ப மிதிச்சேன். 99 செல் 3.1 பக்கம் நிக்குது, 63-ம் நம்பர் மட்டும் 2.68. காலை எடுத்ததும் அஞ்சாறு செகண்டுல மேல வந்துருது. மூணு தடவையும் அதே 63.

டீச்சரம்மா, நாகர்கோவில்
பிடிபட்டுது. உங்க வண்டியில ரெண்டு கோளாறு ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருந்திருக்கு. எர்த் கெட்டதால 100 ஏறாம கணக்கு பிசகுனது ஒண்ணு, அது சரியாச்சு. 63-ம் செல் உள்ளுக்குள்ள தடை கூடிப்போய் நோஞ்சான் ஆனது இன்னொண்ணு. நூறும் வரிசையா கோத்தது. அதுல ஒண்ணு கீழ் எல்லையத் தொட்டாலும் வண்டி தன்னக் காப்பாத்திக்கிட பவரக் குறைக்கும். நீங்க நின்னதும் அந்தச் செல் மூச்சு வாங்கி எழுந்துக்கும், அதுதான் 14 காட்டினது. இதுக்கு எத்தன ராத்திரி சார்ஜ் போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

வாளையார் டாக்சி
இனி காகிதம்தான் பேசும். சர்வீஸ்ல "ரேஞ்ச் குறையுது"ன்னு எழுத விடாதீங்க. அது இயல்பான தேய்மானம்னு மூடிருவாங்க. "பாரம் ஏறும்போது 63-ம் செல் 2.68 வோல்ட்டுக்கு இறங்குகிறது, வண்டி பவர் இழந்து நிற்கிறது"ன்னு ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. தேதியும் கிலோமீட்டரும் இருக்கணும். அதே வாசகத்த வீடியோவோட கம்பெனிக்கு மெயில்லயும் போடுங்க. 1,60,000-க்கு முன்னால பதிவான புகார்ங்கிறதுக்கு நாளைக்கு அதுதான் சாட்சி. அவங்க கேக்காம ஓபிடியில எந்த எரர் கோடையும் (கோளாறு பதிவு) அழிச்சிராதீங்க.

புளியரைக்காரன்
(ஒரு மாசம் கழிச்சு)
தாமதத்துக்கு மன்னிக்கணும், கடையில ஆள் இல்ல. முதல்ல மாட்டேன்னாங்க. மெயில் போட்டு ஒன்பதாம் நாள் மேலிடத்துல இருந்து ஒருத்தர் வந்து வண்டியில உக்காந்து, நான் சொன்ன ஏத்தத்துலயே ஓட்டிப் பார்த்தார். 63-ம் செல் அவருக்கும் கோபிக்காம 2.7-க்கு இறங்கிக் காட்டிச்சு. பேட்டரிய இறக்கி அந்தச் செல் இருக்கிற ஒரு மாட்யூல (செல் கட்டு) மட்டும் மாத்தியிருக்காங்க, வாரண்டியில. பதினோரு நாள் வண்டி இல்ல, செங்கோட்டையில இருந்து ரயில்லதான் போனேன். அந்தப் பதிமூணு கண்ணுப் பாலத்து மேலயே போய், கீழ ரோட்டுல நான் நின்ன இடத்தப் பார்த்தேன்.

இப்ப மீட்டர் 1,54,310. நேத்து கழுதுருட்டில 22 இருந்துச்சு, ஆரியங்காவு வந்தப்ப 19. ஒரு தடவ கூட ஆமை இல்ல. எல்லாருக்கும் ரொம்ப நன்றி, டீச்சரம்மாவுக்கும் டாக்சி அண்ணனுக்கும் தனியா.

ஒயர்மேன் தென்காசி
எல்லாம் சரி. எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துதீங்களா?

புளியரைக்காரன்
குளிமுறித் தண்ணிய அங்க திருப்பி விட்டாச்சு அண்ணாச்சி. பக்கத்துலயே ஒரு வாழ வச்சிருக்கேன். இலை வாடுனா குழி காயுதுன்னு தெரிஞ்சிரும்.