மகளின் வலிப்புக் குளிசை மாறுகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே, நாங்கள் மாங்குளம் பக்கம். எட்டு வயது மகளுக்கு வலிப்புக்கு டெக்ரெட்டோல் சிஆர் (கார்பமசபீன் என்ற மருந்து) பாமசியில் வாங்கிக் கொடுத்து வந்தோம். விலை கட்டுப்படியாகவில்லை. இந்த முறை கிளினிக்கில் அதே கார்பமசபீனை வேறு கம்பனிக் குளிசையாகத் தந்தார்கள். மில்லிகிராம் ஒன்றுதான், ஆனால் அட்டையில் சிஆர் என்ற எழுத்து இல்லை. சிஆர் மெதுவாகக் கரைவது, சாதாரணக் குளிசை அதைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும். கிளினிக்கில் நின்ற சனத்தில் இதைக் கேட்க நேரம் எங்கே? பழைய அட்டை முடியவில்லை, புதியதை இன்னும் தொடவில்லை.

கார்பமசபீன், பெனிட்டோயின் போன்ற வலிப்பு மருந்துகளை ஒரே கம்பனியிலேயே தொடரச் சொல்லி பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013இல் அறிவுறுத்தியது. லெவெட்டிரசெட்டாம் என்ற வேறொரு வலிப்பு மருந்துக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லையாம். மலிவுக் குளிசை கூடாது என்று சொல்லவரவில்லை. மாதம் ஒரு கம்பனி என்று மாறுவதுதான் பயம்.

பிள்ளைக்கு இப்படி மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? தூக்கம், தள்ளாட்டம், திரும்ப வலிப்பு ஏதும் வந்ததா? கம்பனிப் பெயரைத் துண்டில் எழுதித் தரச் சொன்னால் டொக்டர்மார் எழுதுவார்களா? கிளிநொச்சி, வவுனியாவில் சிஆர் மலிவாகக் கிடைக்கும் பாமசி தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை டொக்டரைப் பார்க்கிறோம், அதுவரை பழைய குளிசைதான்.