நிரல் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதை வைத்து அதன் அனுமதிகளைக் குறைக்க முடியுமா?

நூலாம்படை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பராமரித்துவரும் இணையச் செயலி ஒன்றில் மூன்று இடங்களிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வருகிறது. முதலாவது எங்கள் சொந்த சர்வரில் இருப்பது. இரண்டாவது, பொது சிடிஎன் (பல தளங்களுக்கும் கோப்புகளை வழங்கும் சர்வர் வலையமைப்பு) ஒன்றிலிருந்து வரும் வரைபட லைப்ரரி. மூன்றாவது, வாடிக்கையாளர்களுடன் உரையாடுவதற்காக வெளி நிறுவனம் ஒன்று தரும் அரட்டைப் பெட்டி. சென்ற வாரம் வேறொரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தபோது, உலாவியின் டெவலப்பர் கருவியில் நிறுத்தம் வைத்துப் பார்த்ததில், அந்த அரட்டை ஸ்கிரிப்ட் லோக்கல்ஸ்டோரேஜில் (தளத்தின் தரவை உலாவி சேமித்துவைக்கும் இடம்) உள்ள எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போவதைக் கண்டேன். தன்னுடைய பழைய அமைப்புகளைத் தேடுவதற்காகத்தான் அப்படிச் செய்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் அதே இடத்தில்தான் பயனர் உள்நுழைந்ததற்குச் சான்றான டோக்கனும் இருக்கிறது.

ஒவ்வொரு ஸ்கிரிப்டும் எந்த முகவரியிலிருந்து வந்தது என்பது உலாவிக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்க, இந்தத் தளத்து நிரல் படம் வரையலாம், வெளியே எதையும் அனுப்பக் கூடாது. அந்தத் தளத்து நிரல் தன் பெட்டியைத் தாண்டி எதையும் பார்க்கக் கூடாது என்று தளவாரியாக விதி எழுத வழியில்லையா? சர்வர் பக்கத்தோடு அனுப்பும் சிஎஸ்பி (கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி) தலைப்பில் ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி என்ற வரியில் மூன்று முகவரிகளையும் கொடுத்துப் பார்த்தேன். டோக்கன் படிக்கப்படுவது நிற்கவில்லை. சேம் ஆரிஜின் பாலிசி என்று ஒன்று இருக்கிறதே, அது ஏன் இதைத் தடுக்கவில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை.


வரப்பு:

ஆரிஜின் என்ற சொல்தான் உங்களைத் திசைதிருப்புகிறது. அதைக் கேட்டதும் நிரல் எங்கே பிறந்தது என்று பொருள் கொள்கிறோம். உலாவியைப் பொறுத்தவரை ஆரிஜின் என்பது ஆவணத்துக்கு உரியது, ஸ்கிரிப்டுக்கு உரியது அன்று. முகவரியில் உள்ள நெறிமுறை, ஹோஸ்ட் பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் சேர்ந்தது ஆரிஜின் என்று 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6454 வரையறுக்கிறது. நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 காலத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் சேம் ஆரிஜின் பாலிசி, ஓர் ஆரிஜினைச் சேர்ந்த ஆவணம் வேறோர் ஆரிஜினின் ஆவணத்தையும் தரவையும் படிப்பதைத்தான் தடுக்கிறது. ஒரே ஆவணத்துக்குள் ஓடும் இரண்டு ஸ்கிரிப்டுகளுக்கு நடுவே அது எந்தச் சுவரும் எழுப்புவதில்லை.

உங்கள் பக்கத்தில் ஸ்கிரிப்ட் குறியை எழுதி, எஸ்ஆர்சி-யில் வெளி முகவரி ஒன்றைக் கொடுத்த அந்தக் கணத்தில், அங்கிருந்து வரும் நிரல் உங்கள் ஆரிஜினின் முழு உரிமையோடு ஓடத் தொடங்குகிறது. எங்கிருந்து வந்தது என்பதை உலாவி டெவலப்பர் கருவியில் காட்டும், பிழைச் செய்தியில் எழுதும். அனுமதி வழங்கும்போது மட்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. லோக்கல்ஸ்டோரேஜ், பக்கத்தின் உள்ளடக்கம், பயனர் தட்டச்சு செய்யும் கடவுச்சொல், எச்டிடிபி-ஒன்லி (ஸ்கிரிப்ட் படிக்க முடியாதது) என்று குறிக்கப்படாத குக்கிகள் அனைத்தும் அதற்குத் திறந்தே இருக்கின்றன.

சிஎஸ்பி வாசலில் நிற்கும் காவலாளி. ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி என்பது யார் உள்ளே வரலாம் என்று மட்டும் சொல்கிறது. வந்தவர் உள்ளே என்ன செய்யலாம் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கனெக்ட்-எஸ்ஆர்சி என்ற வரி வெளியே போகும் கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தும் என்றாலும், அதுவும் பக்கம் முழுமைக்கும் ஒரே விதிதான்: அரட்டை ஸ்கிரிப்ட் பேச வேண்டிய சர்வரை அனுமதித்தால், வரைபட லைப்ரரியும் அதே சர்வருடன் பேசலாம். அதோடு, பக்கத்தையே வேறு முகவரிக்கு நகர்த்தி, அந்த முகவரியின் வாலில் டோக்கனை ஒட்டி அனுப்பிவிட்டால் கனெக்ட்-எஸ்ஆர்சி அதைத் தடுக்காது.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. பாலிஃபில்.ஐஓ என்ற முகவரியிலிருந்து பல ஆண்டுகளாக ஏராளமான தளங்கள் ஸ்கிரிப்டை நேரடியாக இழுத்துக்கொண்டிருந்தன. 2024-இன் தொடக்கத்தில் அந்த டொமைன் கைமாறியது; அதே ஆண்டு ஜூனில், அதிலிருந்து வந்த நிரல் சில பயனர்களை மோசடித் தளங்களுக்குத் திருப்பிவிடுவது வெளிப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைச் சேர்த்திருந்தன. முகவரி ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதன் பின்னால் இருந்தவர்கள் மாறிவிட்டார்கள். நீங்கள் கேட்கும் தளவாரி விதி இருந்திருந்தால்கூட, அந்தத் தளம் நம்பிக்கைக்குரிய பட்டியலில்தான் இருந்திருக்கும்.


பழஞ்சுவடி:

நூலாம்படை கேட்கும் விதியை நான் கையால் எழுதியிருக்கிறேன், அதனால் இதில் சற்று நீளமாகப் பேச அனுமதியுங்கள்.

1998-இல் வந்த ஜாவா 1.2-இல் பாலிசி கோப்பு என்று ஒன்று அறிமுகமானது. கிராண்ட் என்று தொடங்கி, கோட்பேஸ் என்ற இடத்தில் ஒரு தள முகவரியைக் கொடுத்து, அந்த முகவரியிலிருந்து வரும் வகுப்புகள் எந்தக் கோப்பைப் படிக்கலாம், எந்த ஹோஸ்டுடன் பேசலாம் என்று ஒவ்வொன்றாக எழுதலாம். அதற்கு முன்பு ஆப்லெட் (இணையப் பக்கத்துக்குள் ஓடும் ஜாவா நிரல்) என்றால் மணல்பெட்டிக்குள் அடைபட்டது, உள்ளூர் நிரல் என்றால் முழு உரிமை என்ற இரண்டே நிலைகள்தாம் இருந்தன, 1.1-இல் கையொப்பமிட்ட ஆப்லெட்டுக்கும் முழு உரிமை கிடைத்தது. ஆகவே இந்தப் புதிய கோப்பைப் பார்த்தபோது எங்களுக்கு மிகுந்த உற்சாகம். மைக்ரோசாஃப்டும் 2002-இல் டாட்நெட் முதல் பதிப்பிலேயே கோட் ஆக்சஸ் செக்யூரிட்டி என்ற பெயரில் இதே எண்ணத்தை இன்னும் விரிவாகக் கட்டியது: நிரல் வந்த முகவரி, தளம், மண்டலம், கையொப்பம் ஆகியவை சான்றுகள், சான்றுக்கு ஏற்ற அனுமதி.

நடந்தது என்ன? கோட்பேஸ் முகவரியின் கடைசியில் சாய்கோடு மட்டும் இருந்தால், அந்த அடைவில் உள்ள வகுப்புக் கோப்புகளுக்கு மட்டும் அனுமதி, ஜார் கோப்புகளுக்கு (பல வகுப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) இல்லை. சாய்கோட்டுக்குப் பின் நட்சத்திரக் குறி இருந்தால் ஜார்களும் சேரும். நட்சத்திரத்துக்குப் பதில் சிறுகோடு இருந்தால் உள்ளடைவுகள் அனைத்தும் சேர்ந்துவிடும். ஒரு நாள் முழுக்க அனுமதி மறுப்புப் பிழையோடு போராடிவிட்டு, மாலையில் சிறுகோட்டைப் போட்டுச் சிக்கலைத் தீர்த்தேன். மறு வாரம் பார்த்தால், அதே மரத்தின் அடியில் வேறொரு குழு வைத்திருந்த சோதனை ஜார்களுக்கும் கோப்பு எழுதும் உரிமையைக் கொடுத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் அழைப்பு அடுக்கில், அதாவது ஒன்றையொன்று அழைத்த நிரல்களின் வரிசையில், இருந்தது. நம்பிக்கை இல்லாத நிரல் நம்பிக்கைக்குரிய நிரலைத் தூண்டிவிட்டுக் காரியம் சாதித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அடுக்கில் உள்ள அத்தனை பேருக்கும் அந்த அனுமதி இருக்கிறதா என்று ஜாவா சோதித்தது. கோட்பாட்டில் இது அழகானது. ஆனால் பதிவு எழுதும் லைப்ரரி ஒன்றை, அனுமதி குறைந்த நிரல் அழைத்தால், பதிவுக் கோப்பே திறக்காது. ஆகவே லைப்ரரி எழுதுபவர்கள் டூபிரிவிலேஜ்ட் என்ற அழைப்புக்குள் தங்கள் வேலையைச் சுற்றினார்கள்; அதாவது, இதற்கு மேல் உள்ளவர்களைக் கேட்காதே, நான் பொறுப்பு என்று உறுதி கூறினார்கள். அந்த உறுதியைக் கவனமில்லாமல் கொடுத்த ஒவ்வோர் இடமும் ஓட்டையானது.

டாட்நெட் பக்கத்தில் நான் கண்டது வேறு விதமான வேடிக்கை. ஒரு எக்ஸ்இ கோப்பை நெட்வொர்க் பகிர்வில் வைத்து இயக்கினால் அது அக வலை மண்டலம் என்று கருதப்பட்டு அனுமதி மறுக்கப்படும். அதே கோப்பைச் சொந்த வட்டுக்கு நகலெடுத்து இயக்கினால் தடையின்றி ஓடும். பைட் ஒன்றுகூட மாறவில்லை. பயனர்கள் கற்றுக்கொண்டது நகலெடுக்கத்தான்.

முடிவில் 2010-இல் டாட்நெட் 4 அந்தக் கொள்கை முறையை இயல்பாகவே அணைத்து வைத்தது. டாட்நெட் கோர் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஜாவாவின் செக்யூரிட்டி மேனேஜர் 2021-இல் ஜாவா 17-இல் நீக்கத்துக்குக் குறிக்கப்பட்டு, 2025-இல் ஜாவா 24-இல் நிரந்தரமாகச் செயலிழந்தது. அதை எழுதியவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரே நினைவகத்தில், ஒரே அடுக்கில், ஒரே பொருள்களைப் பகிர்ந்துகொண்டு ஓடும் நிரல்களைப் பிறந்த இடத்தை வைத்துப் பிரிக்க முயன்றதுதான் தவறு.


கடைசிவரி:

பழஞ்சுவடி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இடத்தை நம்புவது என்றால் பெயரை நம்புவது. ஆப்லெட் தான் வந்த சர்வருடன் மட்டுமே பேசலாம் என்ற விதியை, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) பதிலில் வேறு ஐபி முகவரியைச் செருகுவதன் மூலம் மீற முடியும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996-லேயே காட்டிவிட்டார்கள்.

இனி வழி. நிரல் ஓரிடத்திலிருந்து வந்தால் போதாது, அந்த இடத்தின் ஆரிஜினிலேயே ஓடவும் வேண்டும். அப்போதுதான் உலாவி தன் சுவரை எழுப்பும். அரட்டைப் பெட்டியை ஸ்கிரிப்டாகச் சேர்க்காமல் ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் சட்டகம்) வையுங்கள். அந்த நிறுவனம் தன் சொந்த முகவரியில் ஐஃப்ரேம் பக்கம் தருமானால் மிக நல்லது. தராவிட்டால், உங்கள் முதன்மைத் தளத்தோடு தொடர்பில்லாத தனி டொமைனில் ஒரு வெறும் பக்கத்தை வைத்து, அதற்குள் அவர்களுடைய ஸ்கிரிப்டை ஏற்றுங்கள். துணை டொமைன் போதாதா என்று கேட்பீர்கள்: அது வேறு ஆரிஜின்தான், ஆனால் தாய் டொமைனுக்கென்று வைத்த குக்கிகள் அங்கேயும் போய்விடும். பயனர்களின் பக்கங்களை கிட்ஹப் 2013-இல் தன் முதன்மை டொமைனிலிருந்து எடுத்து கிட்ஹப்.ஐஓ என்ற தனி டொமைனுக்கு மாற்றியதன் காரணமும் இத்தகையதே. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை ஐஃப்ரேமின் அலவ் பண்பில் நீங்கள் தராதவரை, வேறு ஆரிஜின் சட்டகத்துக்கு அவை கிடைப்பதில்லை.

வரைபட லைப்ரரிக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட பதிப்பை இறக்கி உங்கள் சர்வரிலேயே வையுங்கள். சிடிஎன்-இலேயே இருக்க வேண்டுமென்றால் இன்டெக்ரிட்டி பண்பில் அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகையை, கொடுங்கள். ஒரு பைட் மாறினாலும் உலாவி அதை இயக்க மறுத்துவிடும். அரட்டை ஸ்கிரிப்டுக்கு இது பயன்படாது, அவர்கள் நினைத்த நேரத்தில் மாற்றிக்கொண்டேயிருப்பார்கள்.


நூலாம்படை:

மிக்க நன்றி. இரண்டு நாள்களாக முயன்றதில் பாதி வெற்றி. தனி டொமைன் கிடைக்கத் தாமதமாகும் என்பதால், இப்போதைக்கு எங்கள் சொந்த சர்வரிலேயே ஒரு பக்கத்தை வைத்து, ஐஃப்ரேமில் அதன் உரிமைகளைக் குறைக்கும் சாண்ட்பாக்ஸ் பண்பைச் சேர்த்து, ஸ்கிரிப்டை ஓட விடும் அலவ்-ஸ்கிரிப்ட்ஸ் மட்டும் கொடுத்தேன். அரட்டை ஸ்கிரிப்ட் லோக்கல்ஸ்டோரேஜைத் தொட்டவுடன் செக்யூரிட்டி எரர் வந்து நின்றுவிட்டது. சட்டகம் தன் ஆரிஜினை வைத்துக்கொள்ள விடும் அலவ்-சேம்-ஆரிஜினையும் சேர்த்ததும் வேலை செய்கிறது. இப்படியே விட்டுவிடலாமா?


வரப்பு:

விடக் கூடாது. அந்தப் பக்கம் உங்கள் ஆரிஜினிலேயே இருக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் தாய்ப் பக்கத்தை எட்டிப் பிடித்து, சாண்ட்பாக்ஸ் பண்பையே நீக்கிவிட்டுத் தன்னை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். பூட்டும் சாவியும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. தனி டொமைன் வந்த பிறகு அதே இரண்டு சொற்களையும் அச்சமின்றிக் கொடுக்கலாம். அப்போது சேம் ஆரிஜின் என்பது அந்தச் சட்டகம் தன்னுடைய சொந்த ஆரிஜினை வைத்துக்கொள்வதைக் குறிக்கும், உங்களுடையதை அன்று. டொமைன் வரும்வரை அரட்டையை நிறுத்தி வைப்பதே என் யோசனை.


கடைசிவரி:

நிறுத்த முடியாத நிலை என்றால் அலவ்-ஸ்கிரிப்ட்ஸ் மட்டும் கொடுத்து, லோக்கல்ஸ்டோரேஜ் போலவே நடிக்கும் ஒரு சிறு பொருளை அந்தப் பக்கத்தில் முதலில் வரையறுத்துவிடுங்கள். உரையாடல் வரலாறு நினைவில் நிற்காது, அவ்வளவுதான். இந்த நிலையில் அங்கிருந்து போஸ்ட்மெசேஜ் (சட்டகமும் பக்கமும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வழி) வழியே வரும் செய்திகளில் ஆரிஜின் என்பது நல் (null) என்ற சொல்லாகவே வரும். அதை மட்டும் ஒப்பிட்டு நம்பிவிடாதீர்கள், எந்தச் சாண்ட்பாக்ஸ் சட்டகமும் அப்படித்தான் சொல்லும். செய்தியின் சோர்ஸ் உங்கள் ஐஃப்ரேமின் சாளரம்தானா என்று பாருங்கள். சர்வர் பக்கத்திலும் நல் ஆரிஜினுக்குச் சிஓஆர்எஸ் அனுமதி (வேறு ஆரிஜின் சர்வரின் பதிலைப் படிக்க விடுவது) கொடுத்துவிடாதீர்கள்.


பழஞ்சுவடி:

சர்வரில் ஓடும் நிரலுக்கும் இதே கேள்வியை யாரேனும் நாளை கேட்பார்கள் என்பதால் ஒன்று. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் இயக்கும் டீனோவில் அலவ்-நெட் என்று கொடுத்து எந்த ஹோஸ்டுடன் பேசலாம் என்று வரையறுக்கலாம். ஆனால் ஒரே த்ரெட்டில் (இயக்க இழையில்) ஓடும் மாட்யூல்கள் எந்த முகவரியிலிருந்து இறக்குமதியானாலும் அனைத்துக்கும் ஒரே அனுமதிதான். மாட்யூல்வாரியாகப் பிரிக்க அவர்கள் முயலவில்லை. நான் பட்டதைப் பார்த்தவர்கள்போலும்.


நூலாம்படை:

கடைசிவரி சொன்ன போலிப் பொருளோடு இப்போது ஓடுகிறது. தாய்ப் பக்கத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே பயனரின் பெயரும் உரையாடல் எண்ணும் மட்டுமே செல்கின்றன. டோக்கனையும் லோக்கல்ஸ்டோரேஜிலிருந்து எடுத்து எச்டிடிபி-ஒன்லி குக்கிக்கு மாற்றிவிட்டேன். டொமைன் கிடைத்ததும் சட்டகத்தை அங்கே நகர்த்திவிட்டு இங்கே எழுதுகிறேன்.