சான் ஆன்டோனியோ நால்வர் வழக்கில் ஆதாரம் என்னதான் இருந்தது?

கேள்வி (சட்ட மாணவன்):
டெக்சஸ், 1994. எலிசபெத் ரமிரெஸும் மூன்று தோழிகளும் சேர்ந்து, ரமிரெஸுடைய சகோதரியின் மகள்கள் இருவரிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகப் புகார். பிள்ளைகளுக்கு 7, 9 வயது. அவர்கள் சொன்ன கதை ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறியிருக்கிறது. இருந்தும் ரமிரெஸுக்கு முப்பத்தேழரை ஆண்டு, மற்றவர்களுக்கு 15 ஆண்டு. ஜூரி எதை நம்பியது?

பதில் (ஓய்வுபெற்ற டாக்டர்):
தம்பி, அரசு மருத்துவமனையில் இந்த மாதிரிப் பரிசோதனைச் சான்றிதழ் எழுதியவன் நான். அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு சிறுமியின் கன்னித்திரையில் தழும்பு இருக்கிறது, அது ஊடுருவலால் வந்தது என்று ஒரு குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். கதை எப்படி மாறினாலும், டாக்டரே சொன்ன பிறகு ஜூரி வேறு என்ன யோசிக்கும்? அதைவிடக் கொடுமை, சாத்தான் வழிபாட்டோடு தொடர்பு இருக்கலாம் என்றும் அவர் குறிப்பில் எழுதியிருந்தார். உடம்பைப் பார்த்து இதை எப்படிக் கண்டுபிடித்தாரோ! கலிபோர்னியாவில் 1983இல் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி விவகாரம் வெடித்தது; சாத்தான் சடங்கில் பிள்ளைகளைத் துன்புறுத்தினார்கள் என்று ஆசிரியர்கள் மீது புகார். அதிலிருந்து அமெரிக்கா முழுக்க இந்தப் பீதிதான். அந்த வழக்கில் கடைசிவரை ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. பீதி மட்டும் உடனே அடங்கவில்லை.

எந்தத் துன்புறுத்தலும் நடக்காத பெண் குழந்தைகளிடமும் இதே அடையாளங்கள் இயல்பாகவே இருக்கலாம் என்று பின்னால் ஆய்வுகள் காட்டின. அந்த மருத்துவரும் 2013இல் தன் முடிவைத் திரும்பப் பெற்றார்.

பதில் (மதுரைக்காரி):
டாக்டர் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். நால்வரும் லெஸ்பியன்கள். ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தப் பேச்சு வந்துவிட்டது. நான்கு ஆண்கள் மீது இதே கதையைச் சொல்லியிருந்தால் சாத்தானை யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி அக்கா, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் சீக்கிரம் வெளியே வந்திருக்கலாமே?

பதில் (ஓய்வுபெற்ற டாக்டர்):
வந்திருக்கலாம். சிறையில் பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சையில் சேர முதலில் ‘செய்தேன்’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுத்துவிட்டார்கள். 2012இல் இளைய சிறுமி, வளர்ந்த பெண்ணாகி, அப்படி எதுவும் நடக்கவில்லை, பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது என்று சொன்னாள். அந்த வருடம் ஒருவர் பரோலில் வந்தார், மற்ற மூவர் 2013 நவம்பரில். நிரபராதிகள் என்று டெக்சஸ் உயர் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 நவம்பரில்தான் சொன்னது.

அவர்களுக்குக் கதவு திறந்தது 11.073 என்ற பிரிவு. அறிவியல் மாறினால் பழைய தீர்ப்பை மறுபடி கேட்கலாம் என்று டெக்சஸ் 2013இல் போட்ட சட்டம். செமினாருக்கு அதை எடுத்துப் படி.