ராத்திரி ஷிஃப்ட், தீராத டென்ஷன்: சாப்பாட்டை மாற்றினால் குறையுமா?

நைட்ஷிஃப்ட்காரன்:
சென்னையில் ஐடி வேலை, ஆனால் அமெரிக்க நேரம். அரைகுறைத் தூக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல், நெஞ்செரிச்சல் வேறு. போன வாரம் ஆபீஸில் ஒரு டயட் வகுப்பு வைத்தார்கள். வாழைப்பழம், பாதாம், கீரை சாப்பிட்டால் கார்டிசால் என்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் இறங்கி ஸ்ட்ரெஸ் போய்விடுமாம். வாசலிலேயே அஸ்வகந்தா மாத்திரையும் விற்றார்கள். இதெல்லாம் வேலை செய்யுமா, காசுக்குக் கேடா?

கம்பங்கூழ்:
மாத்திரையை விடுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள். நானும் அந்த ஷிஃப்டில் இருந்தவன்தான். ஒரு மணிக்குத் தள்ளுவண்டியில் ரெண்டு பரோட்டா, ஊற ஊறச் சால்னா, மேலே ஒரு டீ. மூன்று மணிக்குக் கண் சொருகும், உடனே மெஷின் காபி. காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை நாலு மணிக்குக் குடித்தால், ஒன்பது மணிக்குப் படுக்கும்போதும் பாதி உள்ளே இருக்கும். அப்புறம் எங்கே தூக்கம் வரும்? தூங்காதவனுக்குச் சின்ன மெயில்கூட மலையாகத் தெரியும்.

ஆதாரம் கேட்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு. மனச்சோர்வு உள்ள 67 பேர், 12 வாரம். காய், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று மாறியவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம்தான்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, அது மனச்சோர்வு. இவர் கேட்பது வேலை அழுத்தம். 67 பேர் என்பது சின்னக் கூட்டம், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதும் அவரவருக்கே தெரியும். தட்டில் இருப்பதை மறைத்தா கொடுக்க முடியும்? நல்ல சாப்பாடு என்ற நம்பிக்கையிலேயே சிலர் தேறியிருக்கலாம்.

ஒயிட்ஹால் ஆய்வைப் பாருங்கள். 1967இல் பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கியது. இதயநோயில் அதிகம் செத்தது பெரிய அதிகாரிகள் இல்லை, கீழ்நிலைப் பதவிக்காரர்கள். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த இடைவெளி முழுசாக மறையவில்லை. பின்னால் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலை தன் கையில் இல்லாத நிலையை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. நிம்மதியைப் பிடுங்கிக்கொண்டு கையில் வாழைப்பழத்தைக் கொடுக்கிறார்கள், நீங்களும் அதற்குத் தலையாட்டுகிறீர்கள்.

கம்பங்கூழ்:
மேனேஜரை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள் தம்பி, யார் வேண்டாம் என்றது? அதுவரைக்கும் பரோட்டாவையே தின்னணுமா?

வார்டுசிஸ்டர்:
ரெண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். டென்ஷன், படபடப்பு, அசதி என்று ஓபிக்கு வருகிற பெண்களிடம் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் பல பேருக்கு உள்ளே வெளுத்திருக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சுத்த சைவக்காரர்கள் பலருக்கு வைட்டமின் பி12 குறைவும் உண்டு. இதற்கு ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்துப் பாதாம் சாப்பிடச் சொன்னால் எப்படி? முதலில் ரத்தப் பரிசோதனை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

கார்டிசால் காலையில் ஏறி ராத்திரி இறங்குவதுதான் இயல்பு. ராத்திரி விழித்தால் அந்தக் கணக்கே குழம்பிவிடும். ஒரு பழத்தால் அதைச் சரிசெய்ய முடியாது. அஸ்வகந்தாவை டென்மார்க் 2023இல் தடை செய்தது. கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும் பதிவுகள் இருக்கின்றன. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

கணக்குப்பிள்ளை:
சிஸ்டர் சொல்வது சரி. ஆனால் பரிசோதனைச் செலவும் ஊழியர் தலையில்தானே விழுகிறது?

வார்டுசிஸ்டர்:
அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் இலவசமாகவே பார்ப்பார்கள் சார். முதலில் போகச் சொல்லுங்கள்.

நைட்ஷிஃப்ட்காரன்:
மாத்திரை வாங்கவில்லை, தப்பித்தேன். எங்கள் கேன்டீன் பதினொரு மணிக்கே மூடிவிடும், அதனால்தான் தள்ளுவண்டி. வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒரு மணி வரை கெடாமல் இருப்பது எது?

கம்பங்கூழ்:
பால் அதிகமாகவும் தயிர் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைந்த தயிர்சாதம் புளிக்காது. கூட ஒரு டப்பா சுண்டல், தேங்காய் போடாமல். காபியைப் பன்னிரண்டு மணியோடு நிறுத்துங்கள்.

கணக்குப்பிள்ளை:
கட்டிக்கொண்டு போங்கள். அதோடு கேன்டீனை ரெண்டு மணி வரை திறக்கச் சொல்லி டீமில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி எச்.ஆரிடம் கொடுங்கள். வகுப்புக்குச் செலவழிக்கிறவர்கள் அடுப்புக்கும் செலவழிக்கட்டும்.